சாவிக்கொத்து யார் இடுப்பில்?

1

எங்கள் ஊருக்கு மூன்று மைல் தள்ளி ஒரு நூலகம் இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்த காலம். நூலகரின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். செய்தித்தாள்கள் மேசைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். வெளியிலிருந்து முதுகு மட்டும் தெரியும். 'சார், அந்தப் புத்தகம்' என்று கேட்டால் அவர் புத்தகத்தைப் பார்க்கமாட்டார், நம்மைப் பார்ப்பார். 'யாரு வூட்டுப் புள்ளடா நீ? எந்தத் தெரு?' தெருவைச் சொன்னதும் அடுத்த பேச்சு தயாராக இருக்கும். 'உறுப்பினரா சேரணும்னா வீட்டு வரி கட்டறவங்க ஜாமீன் கையெழுத்து வேணும். ரசீதோட வா.'

சேரியில் யார் பேரில் வீட்டு வரி ரசீது இருந்தது? புறம்போக்கில் போட்ட குடிசைக்கு வரி ஏது, ரசீது ஏது? அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு, தான் பண்ணை வேலை செய்த வீட்டுக்குப் போனார். வாசலுக்கு வெளியேதான் நின்றோம். அந்த வீட்டுக்காரர் சிரித்தார். 'பள்ளிக்கூடத்துல படிக்கிறது பத்தாதா இவனுக்கு?' கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. நாளைக்கு வா என்றார். நாங்கள் நாலைந்து 'நாளைக்கு' போய் நின்றோம். அப்புறம் அப்பா, 'வுடு நைனா, பேப்பராவது படிக்க வுடறாங்களே' என்று சொல்லிவிட்டார்.

எந்தச் சட்டமும் எனக்குப் புத்தகத்தை மறுக்கவில்லை. அது அரசாங்க நூலகம். அனைவருக்கும் பொது என்று பலகையில் எழுதியிருந்தது. ஒரு ரசீது, ஒரு கையெழுத்து, ஒருவர் இடுப்பில் சாவி, இவ்வளவுதான் இடையில் இருந்தது. இவ்வளவே போதுமானதாகவும் இருந்தது.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் நடந்த ஒரு பேச்சு. பழைய தலித் இதழ்களைத் தேடிச் சேர்ப்பது பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவன் ஒருவன் குறுக்கிட்டான். 'அண்ணே, நீங்க இன்னும் நூலகம், பரண், பழைய பேப்பருன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. கூகுள்ல இல்லாதது என்னண்ணே இருக்கு? இப்ப ஏ.ஐ. கிட்ட கேட்டா தமிழ்லயே சொல்லுது. அது நம்மள எந்தத் தெருன்னு கேக்குதா?'

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு சேரிப் பையன் யாருடைய வாசலிலும் நிற்காமல், யாருக்கும் தன் தெருவைச் சொல்லாமல், கையிலிருக்கும் செல்போனில் அம்பேத்கரைப் படிக்கிறான். என் அப்பா காலத்தில் இப்படி ஒன்றைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. இதை அற்பமாக நினைப்பவர்கள், புத்தகத்துக்காக ஒருநாளும் வாசலில் நிறுத்தப்படாதவர்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன்.

ஆனாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. உலகத்தின் அறிவையெல்லாம் நாலைந்து பெரிய கம்பெனிகள் தம் பீரோவுக்குள் வைத்துக்கொண்டு, 'கவலைப்படாதீர்கள், நாங்கள் திறந்தே வைத்திருப்போம்' என்கின்றன. அதை நம்பி நாம் நம் பரணைக் காலி செய்துவிடலாமா? அந்தத் தம்பிக்குச் சொல்லவேண்டிய பதிலை வரலாற்றிலிருந்து தேடிப் பார்த்தேன்.

2

உலகத்துக்கு அறிவைத் திறந்துவிட்ட பெருமுதலாளிகளில் கூகுள் முதல் ஆள் கிடையாது. அவர்களுக்கு நூறு வருஷம் முன்பே ஆண்ட்ரூ கார்னகி வந்துவிட்டார்.

கார்னகி ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்தவர். அமெரிக்கா போய்ப் பஞ்சாலையில் சிறுவனாக வேலை பார்த்தவர். அந்த வயதில் ஒரு கர்னல் தன் சொந்தப் புத்தகங்களை உழைக்கும் பையன்களுக்குப் படிக்கக் கொடுத்தாராம். அந்த நன்றியை மறக்காமல், இரும்புத் தொழிலில் கோடீஸ்வரர் ஆன பிறகு உலகம் முழுக்க 2,509 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார். அதில் 1,600-க்கு மேல் அமெரிக்காவில். படிப்பு இல்லாதவன் படிப்பின் அருமை தெரிந்து செய்தது. அந்தக் கதை நமக்கும் பிடிக்கும்.

அதே கார்னகியின் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் 1892-இல் தொழிலாளர்கள் கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் நின்றார்கள். நிர்வாகம் பிங்கர்டன் ஆட்களைத் துப்பாக்கியோடு இறக்கியது. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. சங்கம் உடைக்கப்பட்டது. ஆறு வருஷம் கழித்து, 1898-இல், அதே ஹோம்ஸ்டெட்டில் கார்னகி ஓர் அழகான நூலகத்தைத் திறந்தார். பன்னிரண்டு மணிநேரம் உலைக்கு முன்னால் நிற்கிறவன் எந்த நேரத்தில் போய்ப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

1902-இல் அட்லாண்டா நகரத்தில் கார்னகி நூலகம் திறக்கப்பட்டது. அப்போது டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் வேறு சில கறுப்பர்களும் நூலக அறங்காவலர்களைச் சந்தித்து, எங்களையும் அனுமதியுங்கள் என்று கேட்டார்கள். கார்னகி பணம் கொடுத்தால் ஊர் நிலம் தரவேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் பொதுப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பது நிபந்தனை. பொதுப்பணம் என்றால் அதில் கறுப்பர் வரியும் சேர்ந்ததுதான். வரி உள்ளே போகலாம், வரி கட்டியவன் போகக்கூடாது. உங்களுக்கென்று தனியாக ஒன்று பின்னால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. நமக்குப் பழக்கமான 'நாளைக்கு வா'தான்.

அந்த 'நாளைக்கு' 1921-இல் வந்தது. ஆபர்ன் அவென்யூவில் கறுப்பர்களுக்குத் தனிக் கிளை நூலகம். பெரிய நூலகத்தின் கதவு அதற்கும் 38 வருஷம் கழித்து, 1959-இல்தான் திறந்தது. ஸ்பெல்மன் கல்லூரியின் பிரெஞ்சுப் பேராசிரியை ஐரீன் டாப்ஸ் ஜாக்சன் அங்கே உறுப்பினர் அட்டை பெற்ற முதல் கறுப்பர். பேராசிரியைக்கே 57 வருஷம் ஆகியிருக்கிறது. 1961-இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், வெள்ளையர் நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து புத்தகம் படித்ததற்காக ஒன்பது கறுப்பின மாணவர்களைக் கைது செய்தார்கள்.

கார்னகி நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். கட்டடம் அவர் கொடுத்தது, சாவி அறங்காவலர் இடுப்பில். கறுப்பர்களுக்கு அந்தச் சாவிமேல் எந்தப் பிடியும் இல்லை. கொடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது உரிமையாகிவிடுவதில்லை. அதை உரிமையாக்கியது மறியலும் வழக்கும் உள்ளே போய் உட்கார்ந்ததும்தான்.

3

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2004 டிசம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்போர்டு, மிச்சிகன் பல்கலைக்கழக நூலகங்களிலும் நியூயார்க் பொது நூலகத்திலும் உள்ள புத்தகங்களை ஸ்கேன் செய்யப்போகிறோம், உலகத்தில் யாரும் எங்கிருந்தும் தேடலாம். கேட்டவர்கள் மெய்மறந்து போனார்கள். லட்சக்கணக்கில் புத்தகங்கள், ஒரு காசு செலவில்லாமல்.

2005-இல் எழுத்தாளர் சங்கமும் பதிப்பகங்களும் தனித்தனியாக வழக்குப் போட்டன. 2008-இல் கூகுளும் அவர்களும் சேர்ந்து 12.5 கோடி டாலருக்கு ஒரு சமரச ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த ஒப்பந்தத்தைக் கவனித்துப் பார்க்கவேண்டும். பதிப்பு நின்றுபோன கோடிக்கணக்கான பக்கங்களை கூகுள் விற்கலாம். கல்லூரிகள் சந்தா கட்டிப் படிக்கலாம். அமெரிக்காவின் ஒவ்வொரு பொது நூலகக் கட்டடத்துக்கும் இலவசமாக ஒரு கணினி. ஒரு கட்டடத்துக்கு ஒன்று. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. 'உலகம்' என்று ஆரம்பித்த பேச்சு நாலே வருஷத்தில் ஒரு தேசத்துக்குள் சுருங்கிவிட்டது.

எல்லோரும் எதிர்த்தார்கள் என்றும் சொல்லமுடியாது. பார்வையற்றோர் அமைப்பு ஆதரித்தது. அச்சுப் புத்தகம் இதுவரை தமக்கு அடைத்தே கிடந்தது என்ற அவர்கள் நியாயம் நமக்குப் புரியக்கூடியது. அன்றைய ஹார்வர்டு நூலகத் தலைவர் ராபர்ட் டார்ன்டன் எதிர்த்தார். தனியொரு கம்பெனியிடம் இத்தனை புத்தகமும் சேர்ந்தால், நாளை அது சொல்வதுதான் விலை, அதைத் தட்டிக்கேட்க யாருமில்லை என்பது அவர் வாதம். 2011 மார்ச்சில் நீதிபதி டென்னி சின் ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்தார். அதே நீதிபதி 2013-இல், ஸ்கேன் செய்து தேட வைப்பதும் சில வரிகள் காட்டுவதும் நியாயமான பயன்பாடு என்று தீர்ப்பளித்தார். 2016-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது.

முடிவு என்ன? 2019-இல் கூகுளே சொன்ன கணக்குப்படி நான்கு கோடிக்கும் மேல் புத்தகங்கள் ஸ்கேன் ஆகியிருந்தன. மனித வரலாற்றில் இவ்வளவு பெரிய நூலகம் இருந்ததில்லை. அதில் பெரும்பகுதியை யாரும் முழுதாகத் திறந்து படிக்க முடியாது. தேடினால் நாலு வரி தெரியும், அவ்வளவுதான். கண்ணாடி பீரோவில் எனக்கு முதுகு தெரிந்தது, இதில் நாலு வரி தெரிகிறது.

இதில் நம் புத்தகங்களும் இருக்கின்றன. எப்படிப் போயின என்பது ஒரு தனிக்கதை. பி.எல். 480 கோதுமையைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1954-ஆம் வருஷச் சட்டம் அது. பஞ்ச காலத்தில் அமெரிக்கா அனுப்பிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களையும் இதழ்களையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் உண்டு. நாம் வரிசையில் நின்று வாங்கித் தின்ற கோதுமையின் காசில் நம் புத்தகங்கள் கப்பலேறின. அங்கே அவை ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டன, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அந்த நூலகங்கள் பலவற்றின் அலமாரிகள்தான் பின்னால் ஸ்கேன் இயந்திரத்துக்குப் போயின. சென்னையில் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தைச் சென்னையில் உட்கார்ந்து தேடுகிற தமிழ் வாசகருக்கு, அமெரிக்க நூலக முத்திரையோடு நாலு வரி மட்டும் காட்டப்படுகிறது என்றால் அது வந்த வழி இதுதான்.

ஆனால் அந்த நூலகங்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தன. ஸ்கேன் செய்த படிகளில் எங்களுக்கும் ஒரு நகல் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டன. அந்த நகல்களை ஒன்று சேர்த்து 2008-இல் ஹாத்தி டிரஸ்ட் என்ற பொது நூலகத் தொகுப்பை உருவாக்கின. 'ஹாத்தி' என்றால் இந்தியில் யானை. யானை மறக்காது என்பதால் அந்தப் பெயர். 2020-இல் கொரோனாவில் நூலகங்கள் மூடப்பட்டபோது, உறுப்பு நூலகங்களின் மாணவர்கள் தம் நூலகத்தில் இருந்த புத்தகங்களைப் படிக்க அந்த நகல்கள்தான் உதவின. கம்பெனியை நம்பி மட்டும் கொடுத்திருந்தால் அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள்.

4

கதவு பாதி திறப்பது ஒருபக்கம். கதவே ஒருநாள் காணாமல் போவது இன்னொரு பக்கம்.

ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. 1990-களில் சாதாரண ஜனங்கள் தங்களுக்கென்று பக்கம் எழுதிவைத்த இடம். யாஹூ அதை 1999-இல் விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ராப்பகலாக நகல் எடுத்து, முடிந்ததைக் காப்பாற்றியது. யாஹூ குழுமங்களில் இருபது வருஷம் நடந்த உரையாடல்கள் 2019-2020-இல் அழிக்கப்பட்டன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அதே 2019-இல் மைஸ்பேஸ், தன்னிடம் மக்கள் பன்னிரண்டு வருஷம் ஏற்றிவைத்த பாட்டுகள் தொலைந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டது. இவை எதிலும் யாரும் நூலகத்துக்குத் தீ வைக்கவில்லை. வரவு செலவுக் கணக்கு ஒத்துவரவில்லை, அல்லது யாரோ ஒருவர் கவனமாக இல்லை. விளைவு என்னவோ ஒன்றுதான்.

2009 ஜூலையில் இன்னொன்று நடந்தது. அமேசான் கிண்டிலில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' வாங்கியவர்கள் ஒருநாள் பார்த்தால் புத்தகம் இல்லை. பதிப்புரிமை இல்லாத யாரோ விற்றுவிட்டார்கள் என்று கம்பெனி தூரத்திலிருந்தே அழித்துவிட்டது. காசு திரும்பிவந்தது. புத்தகத்தோடு சேர்த்து எழுதிவைத்திருந்த ஒரு பள்ளி மாணவனின் குறிப்புகள் பயனற்றுப்போயின. பின்னால் கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். விற்ற கடைக்காரன் ராத்திரி வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக முடியும் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

எங்களுக்கும் ஓர் அடி உண்டு. கம்பெனி பெயர் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேரி சேரியாகப் போய்க் கிழவன் கிழவிகளின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்தோம். களத்தில் கூலி கேட்டு அடிபட்டது, டீக்கடையில் தனி டம்ளரை உடைத்தது, பண்ணையில் கட்டிவைத்து அடித்தது. ஓர் ஆயா, தான் பேசியதைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, 'என் கொரலா இது? நான் செத்தாலும் இது பேசுமா?' என்று கேட்டது. பேசும் ஆயா என்றோம். இலவசமாக இடம் கொடுத்த ஓர் இணையத்தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றினோம். உலகம் கேட்கும் என்று பெருமையாக இருந்தது. கேசட்டுகளில் வேறு எதையோ பதிவு செய்தோம், காசில்லாத காலம். பிறகு அந்தத் தளம் மூடப்பட்டது. எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, நண்பர் ஒருவரின் மின்னஞ்சலுக்கு. அவர் அப்போது வேலைக்காக வளைகுடா போயிருந்தார். பார்க்கவில்லை. நாங்கள் தேடிப் போனபோது வெறும் பக்கம்தான் இருந்தது. ஆயாவும் போய்விட்டது.

இதில் எங்கள் தப்பு என்ன என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தத் தளத்தில் ஏற்றியது தப்பு கிடையாது. கேசட்டை அழித்ததுதான் தப்பு.

5

தம்பியின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். இயந்திரம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. உண்மை. ஆனால் அதற்குள் என்ன போட்டு வைத்திருக்கிறார்கள், யார் போட்டார்கள் என்று பார்க்கவேண்டாமா?

அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகி 95 வருஷம் கடந்த புத்தகங்களைத் தடையில்லாமல் முழுசாகத் திறந்து வைக்கலாம். நம்மைப் பற்றி அவ்வளவு பழைய காலத்தில் அச்சில் எழுதியது பெரும்பாலும் யார்? வெள்ளை அதிகாரி, பாதிரியார், மேல்சாதிப் பண்டிதர். சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் பாட்டன் முப்பாட்டன் மூக்கை அளவெடுத்து எழுதிய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. இன்று ஏழும் இலவசம், நொடியில் கிடைக்கும். 1990-களில் நாம் ரத்தமும் கண்ணீருமாக, கடன் வாங்கி, சைக்ளோஸ்டைல் எடுத்தும் டி.டி.பி. செய்தும் கொண்டுவந்த இதழ்களில் எத்தனை அந்த இயந்திரத்துக்குள் இருக்கின்றன? நம்மைப் பற்றிக் கேட்கிற குழந்தைக்கு, நம்மை அளந்தவன் பேச்சு முதலில் கிடைக்கிறது, நம் பேச்சு கிடைப்பதில்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அச்சேறியதுதான் நூலகத்துக்குப் போனது. நூலகத்தில் இருந்ததுதான் ஸ்கேன் ஆனது. ஸ்கேன் ஆனதில் சட்டம் விட்டதுதான் திறந்திருக்கிறது. படிக்குப் படி நாம் வடிகட்டப்பட்டுவிட்டோம்.

கறுப்பின ஆய்வாளர் சஃபியா நோபிள் 2018-இல் ஒரு புத்தகமே எழுதினார். கறுப்பினச் சிறுமிகள் என்று ஆங்கிலத்தில் தேடினால் முதல் பக்கத்திலேயே ஆபாசத் தளங்கள் வந்ததை வைத்துத் தொடங்கிய ஆய்வு அது. 2015-இல் கூகுளின் புகைப்படச் செயலி கறுப்பர்களின் முகத்துக்கு 'கொரில்லா' என்று பெயர் ஒட்டியது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. உலகம் சொன்னதைத்தான் இயந்திரமும் திருப்பிச் சொல்கிறது. உலகம் நம்மைப் பற்றி என்ன சொல்லிவைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாதா?

இயந்திரத்தை விடுங்கள். அதைக் கட்டுகிற அலுவலகத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி, கூகுள் செய்திப் பிரிவு ஊழியர்களிடம் சாதி பற்றிப் பேச ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டார். தமிழ் வேர் கொண்ட தலித் பெண். உள்ளேயிருந்த சில ஊழியர்கள் அவர் இந்து விரோதி என்று புகார் கிளப்பினார்கள். பேச்சு ரத்தானது. அவரை அழைத்த மேலாளர் தனுஜா குப்தா அந்த வருஷமே ராஜினாமா செய்தார். தம்பி, தெரு எது என்று உன் செல்போன் கேட்கவில்லை. அந்தச் செல்போனில் செய்தியை வரிசைப்படுத்துகிற அலுவலகத்தில், சாதியைப் பற்றி ஒரு தலித் பெண் ஒரு மணிநேரம் பேச முடியவில்லை.

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது. வாசகனுக்கென்று சொல்லி ஸ்கேன் செய்த புத்தகங்கள் இயந்திரத்துக்குத் தீனியாகின்றன. 2025-இல் ஹார்வர்டு, உரிமைக்காலம் முடிந்த ஏறக்குறைய பத்து லட்சம் புத்தகங்களை இயந்திரங்களைப் பயிற்றுவிக்க வெளியிட்டது. அவை முன்பு கூகுள் திட்டத்தில் ஸ்கேன் ஆனவை. அதே 2025-இல், திருட்டுப் பிரதிகளைத் தரவிறக்கிய வழக்கில் ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. கம்பெனி எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் தருவதாகச் சமரசம் செய்துகொண்டது. தேடுபொறியாவது நாலு வரி காட்டி, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சொன்னது. ஏ.ஐ. சொல்லும் பதிலில் பல நேரம் அதுவும் இருப்பதில்லை. சொன்னது தர்ஸ்டனா அயோத்திதாசரா என்று தெரியாமல் ஒரே குரலில் சொல்கிறது. ஆண்டாண்டு காலமாக 'பெரியவங்க சொன்னாங்க' என்று நமக்குச் சொல்லப்பட்டதும் இப்படித்தான்.

6

அப்படியானால் அரசாங்கத்தை நம்பலாமா? என் நூலகக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நம் வரலாறு எங்கே பிழைத்தது என்று பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு பல தலைமுறை படித்தவர்கள், ஆராய்ச்சி செய்தவர்கள் அவர் பெயரைக்கூட எடுக்கவில்லை. அந்த இதழ்களைக் காப்பாற்றியது பெரிய நிறுவனம் எதுவும் கிடையாது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தம் வீட்டில், சொந்தக் காசில், கறையானிடமிருந்து காத்து வைத்தார்கள். அவற்றை வைத்துத்தான் ஞான. அலாய்சியஸ் 1999-இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்துக் கொண்டுவந்தார். பண்டிதர் இறந்து 85 வருஷம் கழித்து. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கி ஏழு வருஷம் நடத்திய 'பறையன்' இதழுக்கு அப்படி ஒரு வீடு வாய்க்கவில்லை. அதன் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை.

ஆனாலும் அரசுக்கும் கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அம்பேத்கரின் அச்சேறாத கையெழுத்துப் படிகளை மகாராஷ்டிர அரசு 1979 முதல் வசந்த் மூன் பொறுப்பில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. 1987-இல் 'இந்து மதத்தின் புதிர்கள்' அடங்கிய நான்காம் தொகுதி வந்தது. ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கு என்று சிவசேனா கிளம்பியது. அரசு பணிந்து பின்வாங்கியது. 1988 தொடக்கத்தில் பம்பாய்த் தெருக்களில் தலித் மக்கள் லட்சக்கணக்கில் இறங்கினார்கள். கடைசியில் அந்தப் பகுதி நீக்கப்படவில்லை, அரசுக்கு இந்தக் கருத்தில் உடன்பாடு இருக்கவேண்டியதில்லை என்ற ஒரு குறிப்போடு நிலைத்தது. ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்காகச் சேரி சனங்கள் ஊர்வலம் போன நாள் அது.

அது ஏன் முடிந்தது? புத்தகம் நம் வரிப்பணத்தில் அச்சானது. அரசுக்கு ஒரு வாசல் இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. சாவி அவன் இடுப்பில் இருந்தாலும் அந்த இடுப்பைப் பிடித்து உலுக்க நமக்கு உரிமை இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு கம்பெனி நாளைக் காலையில் ஒரு பொத்தானை அழுத்தி நம் பக்கத்தை மறைத்தால், நாம் எந்தத் தெருவில் ஊர்வலம் போவது? யார் வாசலில் போய் நிற்பது? நிற்க ஒரு வாசல்கூட இல்லாத பண்ணை இது.

7

ஆகவே தம்பி, நான் உன்னைக் கூகுளை விடு என்று சொல்லமாட்டேன். நானும் தினம் தேடுகிறேன். பயன்படுத்துவது வேறு, நம்பி ஒப்படைப்பது வேறு. கிணறு நம்முடையதாக இல்லாதவரை, தண்ணீர் கிடைக்கிற நாளில் நம் வீட்டுப் பானையை நிரப்பி வைத்துக்கொள்ளவேண்டும். ஊர்க் கிணற்றில் வாங்கிக் குடித்த நம் ஆயாக்களுக்கு இது யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் 2005-இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தன்னார்வத்தில் தொடங்கினார்கள். ஈழத்துச் சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், கோயில் மலர்கள்வரை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி செய்யவில்லை. ஒரு சமூகம் தன் சாவியைத் தானே செய்துகொண்டது.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்ததை, அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்ததால் உருவானது அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அங்கெல்லாம் நம் இதழ்கள் போகவேண்டும். கொடுக்கும்போது மிச்சிகன்காரன் செய்ததைச் செய்வோம். ஒரு நகல் எங்களுக்கு என்று எழுதி வாங்குவோம். நகல் மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று நம் தெருவில் இருக்கட்டும். இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள்.

ஆயாவின் குரல் போய்விட்டது என்று சொன்னேன். அந்தப் பயணத்தில் எங்களோடு வந்த ஒரு தங்கை, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள். போன வாரம்தான் தெரிந்தது. கல்யாணமாகிப் போன வீட்டில், பரணில், ரேஷன் அட்டை வைத்த டிரங்குப் பெட்டிக்குள் இருந்ததாம். ஆயா பேசியதில் பாதி அதில் இருக்கிறது.

அடுத்த கூட்டம் அந்த நோட்டை வைத்துத்தான். வருகிறவர்கள் அவரவர் வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கிடைத்ததைக் கொண்டுவாருங்கள். அந்தத் தம்பியிடம் ஸ்கேன் எடுக்கிற செல்போன் இருக்கிறது. முதல் பக்கத்தை அவன் எடுக்கட்டும்.